சயாம் ரயில்பாதையில் யார் பிழைத்தார்கள், ஏன்?

கேள்வி இது: "இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு சயாம்–பர்மா ரயில்பாதை போட்ட சிப்பாய்களில் பலர் செத்தார்கள், பலர் பிழைத்தார்கள். மனவலிமை உள்ளவன் பிழைத்தான், விட்டுக்கொடுத்தவன் செத்தான் என்று படித்தேன். உண்மையா?"

பாதி உண்மை. அந்தப் பாதியையும் பிழைத்து வந்தவர்கள்தான் சொன்னார்கள், செத்தவர்களைக் கேட்க வழியில்லை. காலராக் கிருமி ஆளின் மனவலிமையைப் பார்த்து உள்ளே நுழைவதில்லை. முகாம் கணக்குகளைப் பார்த்துக்கொண்டே போனால் எனக்குப் பிடிபட்ட விடை கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்: கக்கூஸ் குழியை யார் ஒழுங்காக வெட்டினார்கள், தண்ணீரை யார் கொதிக்க வைத்தார்கள், கையில் கிடைத்த பத்துக் காசை யார் பொதுவில் போட்டார்கள் என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலிலிருந்து வர வேண்டும்.

1941 டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். இரண்டு நாளில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் விமானத் தாக்குதலில் மூழ்கின. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஒரே பின்வாங்கல். மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இல்லை. வடக்கில் நின்ற இந்தியப் பட்டாளங்களில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் ஏராளம். ஜப்பான்காரன் சைக்கிளில் வந்தான், ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து பின்னால் வந்து நின்றான். 1942 ஜனவரி 7 விடியற்காலையில் சிலிம் ஆற்றங்கரையில் டாங்கிகள் சாலையோடு நேராக ஓடி வந்து, படையணி படையணியாக நசுக்கிக்கொண்டே போயின. உயிர் தப்பியவர்கள் காட்டுக்குள் சிதறினார்கள். காட்டில் சில நாள் அலைந்து, காய்ச்சலோடும் வெறுங்காலோடும் வெளியே வந்து பிடிபட்டவர்கள் நிறையப் பேர். இவர்களுக்குச் சிங்கப்பூர் விழுவதற்கு முன்பே கைதி வாழ்க்கை தொடங்கிவிட்டது.

ஜனவரி 31-ல் மிச்சப் படை ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் வந்து, பாலத்தை வெடிவைத்து உடைத்தது. பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் ஜலசந்தியைத் தாண்டினார்கள். 15-ஆம் தேதி, சீனப் புத்தாண்டு நாள், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் புக்கிட் தீமாவில் ஃபோர்டு கார் தொழிற்சாலைக்கு நடந்து போய் ஜப்பானியத் தளபதி யமாஷிடாவிடம் சரணடைந்தார். தீவில் யமாஷிடாவிடம் இருந்த படை இவர்களைவிடக் குறைவு, குண்டும் தீரும் நிலை. அது பெர்சிவலுக்குத் தெரியாது. 80,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் கைதியானார்கள். பிரிட்டனின் 18-ஆவது டிவிஷன்காரர்கள் பாவம், கப்பலில் மாதக்கணக்கில் வந்து, கடைசி ஆட்கள் இறங்கி இரண்டு வாரம் ஆகவில்லை, கைதி. அன்றைக்கு வெள்ளைக்கொடி பிடித்து நடந்தவர் சிரில் வைல்டு என்ற அதிகாரி. ஜப்பானிய மொழி தெரிந்தவர். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

இந்தியச் சிப்பாய்களைத் தனியே பிரித்து பிப்ரவரி 17-ல் ஃபாரர் பார்க்கில் கூட்டினார்கள். 45,000 பேர் அளவில். அங்கேதான் மோகன் சிங்கின் இந்திய தேசிய ராணுவம் தொடங்கியது. அதில் சேர மறுத்தவர்களில் பல ஆயிரம் பேரை நியூகினி, ராபவுல் பக்கம் கப்பலேற்றி வேலை வாங்கினார்கள். அங்கே பட்டினியில் செத்தவர்கள் எண்ணிக்கை பயங்கரம். அது தனிக் கதை. தனியே கேளுங்கள், எழுதுகிறேன். ரயில்பாதைக்குப் போன போர்க்கைதிகள் பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக்காரர்கள், கொஞ்சம் அமெரிக்கர்கள்.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தீவின் கிழக்கு மூலையில் சாங்கிக்கு நடந்து போனார்கள். சாங்கி என்றால் நரகம் என்று பலர் நினைக்கிறார்கள். ரயில்பாதையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது. அங்கே அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பெரிய துளைக்கருவியால் தரையில் ஆழக் குழி தோண்டி கக்கூஸ் போட்டது. வரிசையாக உட்கார்ந்து பேசும் இடம் அதுதான் என்பதால் முகாமில் கிளம்பும் வதந்திக்கே 'போர்ஹோல்' என்று பெயர் வந்துவிட்டது. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அந்தக் குழிகளின் அருமை ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஜப்பானுக்கு ரயில்பாதை ஏன் தேவைப்பட்டது? பர்மாவில் இருந்த படைக்கு அரிசியும் குண்டும் கடல் வழியாகத்தான் போக வேண்டும். பசிபிக் கடலில் ஜப்பானியக் கப்பற்படை தோற்ற மிட்வே சண்டைக்குப் பிறகு கடல்வழி ஆபத்தாகிவிட்டது. சயாமின் (இன்றைய தாய்லாந்து) நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர், காடு, மலை, குவாய் நொய் ஆற்றின் ஓரம். பிரிட்டிஷ்காரர்களே ஒருகாலத்தில் அளந்து பார்த்து வேண்டாம் என்று விட்டுவிட்ட வழி. இயந்திரத்துக்குப் பதில் ஆள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள், அவர்களைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் ஆசியக் கூலிகள்.

சிங்கப்பூரிலிருந்து ஆட்களை அரிசி ஏற்றும் இரும்பு வேகன்களில் ஏற்றினார்கள். ஒரு வேகனுக்கு முப்பது பேர். பகலில் தொட்டால் சுடும், ராத்திரியில் சில்லென்று இருக்கும். படுக்க முடியாது, முறைபோட்டு உட்காரலாம். ஐந்து நாள் இப்படிப் போனால் பான் போங் என்ற சயாம் ஊர்.

வேலை எப்படி இருந்தது என்பதற்கு ஹெல்ஃபயர் பாஸ் என்கிற பாறை வெட்டை மட்டும் சொல்கிறேன். ஒருவன் இரும்புக் கம்பியைப் பாறையில் செங்குத்தாகப் பிடித்துக்கொள்வான். இன்னொருவன் சம்மட்டியால் அடிப்பான். ஒவ்வோர் அடிக்கும் பிடித்திருப்பவன் கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் மாட்டிக்கொள்ளும். துளையில் தண்ணீர் விட்டு, கல்மாவை வழித்தெடுத்து, மறுபடி அடி. ஒரு ஜோடிக்கு இன்றைக்கு இத்தனை ஆழம் என்று கணக்கு. முதலில் ஒரு மீட்டர், அதை முடித்துக் காட்டினால் மறுநாள் கணக்கு ஏறும். அதனால் கைதிகளே ஆட்களை அடக்கினார்கள், "வேகமாக முடிக்காதே, எல்லாருக்கும் கேடு" என்று. துளையில் வெடி வைத்து உடைத்த கல்லைக் கூடையில் அள்ளிக் கையால் தூக்கிக் கொட்ட வேண்டும். 1943 தொடக்கத்தில் தோக்கியோ கெடுவை முன்னுக்கு இழுத்தது. அப்போதிருந்து காவலர்கள் வாயில் ஒரே சொல்: "ஸ்பீடோ! ஸ்பீடோ!" ராத்திரியிலும் மூங்கில் தீப்பந்தம் ஏற்றி வேலை. மேலிருந்து பார்த்தால் அந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் அசைவது நரகம் போலத் தெரிந்தது. பெயர் அப்படி வந்ததுதான்.

அடி உதையில் செத்தவர்கள் உண்டு. ஆனால் எண்ணிக்கையில் பெரிய கொலைகாரர்கள் வயிற்றுக்கடுப்பு, காலரா, மலேரியா, பெரிபெரி, கால்புண். சோறு என்னவோ கிடைத்தது. தீட்டிய அரிசி, அதுவும் கப்பலில் புழுத்தது, மேலே நீர்த்த காய்ச்சாறு. தவிடு போன அரிசியில் பி1 சத்து கிடையாது. அந்தக் குறையால் வருவதுதான் பெரிபெரி: இரண்டு மூன்று மாதத்தில் கால் வீங்கும், அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும், அப்புறம் வீக்கம் மேலே ஏறி இதயத்தைப் பிடிக்கும். நம் ஊரில் மாட்டுக்குப் போடும் தவிட்டை அந்த மருத்துவர்கள் மருந்தாகக் கரண்டிக் கணக்கில் கொடுத்தார்கள். பச்சைப்பயறு கிடைத்த முகாமில் பெரிபெரி குறைந்தது. மூங்கில் முள் கீறின சின்னக் காயம் ஒரு வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும் புண்ணாகும். மயக்க மருந்து இல்லாமல், நாலு பேர் பிடித்துக்கொள்ள, கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டி எடுப்பதே சிகிச்சை. அதிலும் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டும். பர்மா பக்கத்தில் ஆல்பர்ட் கோட்ஸ் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை அப்படி எடுத்தார்.

இனி நீங்கள் கேட்டதற்கு நேராக வருகிறேன். 'எஃப் ஃபோர்ஸ்' என்று ஒரு குழு. 1943 ஏப்ரலில் சாங்கியிலிருந்து 7,000 பேர் கிளம்பினார்கள், ஏறக்குறைய பாதி ஆஸ்திரேலியர், பாதி பிரிட்டிஷ். "உணவு நிறைய உள்ள நல்ல இடத்துக்குப் போகிறீர்கள், நோயாளிகளும் வரலாம், வாத்தியக் கருவிகளைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். பான் போங்கில் இறக்கியதும் தெரிந்தது, இனி நடைதான் என்று. சுமார் 300 கிலோமீட்டர், ராத்திரியில், பருவமழை தொடங்கும் நேரத்தில். டார்சாவ் என்ற இடத்தில், நடக்கவே முடியாத நோயாளிகளை நடக்க விட மாட்டோம் என்று மறித்து நின்ற இருவரை மூங்கிலால் அடித்தார்கள். ஒருவர் மருத்துவர் புரூஸ் ஹன்ட், அவர் கை எலும்பு முறிந்தது. இன்னொருவர் மொழிபெயர்ப்பாளர், அதே சிரில் வைல்டு.

போகும் வழியில் காலரா பரவியிருந்த கூலி முகாம்களைக் கடந்தார்கள். சொங்குராய் பகுதிக்குப் போய்ச் சேரும்போது காலரா அவர்களோடேயே வந்துவிட்டது. குடிசைக்குக் கூரையில்லை, மழை விடவில்லை. ஹன்ட் இருந்த முகாமில் அவர் செய்தது இதுதான்: சோற்று வரிசையில் நிற்பவன் தட்டையும் கரண்டியையும் கொதிக்கிற தண்ணீரில் முக்கினால்தான் சோறு. கொதிக்காத தண்ணீர் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது, ஆற்றில் வாய் கொப்பளிக்கவும் கூடாது. வேலைக்குப் போக முடியாதவர்களும் அதிகாரிகளும் சேர்ந்து கக்கூஸ் குழி வெட்டினார்கள், சுற்றி வடிகால் வெட்டினார்கள், ஈ அடித்தார்கள். காலராவில் செத்தவர்களை அந்த மழையிலும் எரித்தார்கள். ஈர மூங்கில் பற்றுவதற்குள் உயிர் போய்விடும், ஆனாலும் எரித்தார்கள். சில வாரங்களில் அந்த முகாமில் காலரா அடங்கியது.

கணக்கு முடிவில் என்ன? எஃப் ஃபோர்ஸில் ஆஸ்திரேலியர்களில் கிட்டத்தட்ட பத்தில் மூன்று பேர் செத்தார்கள். பிரிட்டிஷ்காரர்களில் பத்தில் ஆறு பேர். அதே நடை, அதே மழை, அதே அரிசி.

இதை வைத்து "ஆஸ்திரேலியன் கெட்டி, இங்கிலீஷ்காரன் நோஞ்சான்" என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கிளம்பும்போதே பிரிட்டிஷ் பகுதியில் நோயாளிகள் அதிகம். பல பட்டாளங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த ஆட்கள், ஒருவனுக்கொருவன் பழக்கமில்லை, அதிகாரி யார் என்று தெரியாது. ஆஸ்திரேலியர்கள் ஒரே டிவிஷன், ஊர்க்காரன் ஊர்க்காரனோடு இருந்தான். காய்ச்சலில் கிடக்கிறவனுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் இருந்தானா என்பதுதான் கேள்வி. தனியாக இருந்தவன் எவ்வளவு வீம்புக்காரனாக இருந்தாலும் மூன்றாம் நாள் ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்துவிடுவான்.

மருத்துவர்களின் கைவேலையையும் சொல்லியாக வேண்டும். காலராவில் உடம்புத் தண்ணீர் வற்றித்தான் ஆள் சாகிறான், உப்பு நீரை நரம்பில் ஏற்றினால் பிழைப்பான். ஊசி இல்லை, குழாய் இல்லை, உப்பு நீர் பாட்டிலும் இல்லை. மெல்லிய மூங்கிலைக் கூராகச் சீவி ஊசி செய்தார்கள். ஸ்டெதஸ்கோப்பின் ரப்பரை அறுத்துக் குழாயாக்கினார்கள். புட்டியின் அடியை வெட்டித் தலைகீழாகக் கட்டினார்கள். மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீரைக் காய்ச்சி ஆவியை வடித்து, அதில் சமையல் உப்பைப் போட்டார்கள். அதை ஏற்றிப் பல பேர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பர்மா பக்கம் ஹென்றி ஹெக்கிங் என்ற டச்சு மருத்துவர், சுரபாயாவில் பிறந்தவர், பாட்டியிடம் மூலிகை கற்றவர். காட்டில் எது மருந்து என்று அவருக்குத் தெரியும். அவர் பார்த்துக்கொண்ட அமெரிக்கக் கைதிகளிடையே சாவு மிகவும் குறைவு. வியரி டன்லப் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தினமும் காலையில் 'இன்று எத்தனை ஆள்' என்று காவலர்களோடு பேரம் பேசுவதே அவருடைய பாதி வைத்தியம். நோயாளி வேலைக்குப் போகாவிட்டால் அவனுக்கு ரேஷன் வெட்டு. அதை ஈடுகட்டப் பணம் வேண்டும்.

பணம் என்றால், சிப்பாய்க்கு வேலை நாளுக்குப் பத்துக் காசு அளவில் கூலி, அதிகாரிக்குக் கொஞ்சம் கூடுதல். அந்தக் காசைப் பிடித்து ஒரு நிதியில் போட்டு, ஆற்றில் படகில் வரும் சயாம் வியாபாரியிடம் வாத்து முட்டை வாங்கி நோயாளிக் குடிசைக்குக் கொடுத்தார்கள். சில முகாம்களில் அதிகாரிகள் இதற்கு முணுமுணுத்தார்கள், சிலர் சுயமாகச் சேர்த்துவைத்துத் தின்றார்கள். எல்லாரும் மகாத்மாக்கள் இல்லை. அரிசி திருடியவன், செத்தவன் போர்வையை விற்றவன் எல்லாம் உண்டு. காஞ்சனபுரியில் பூன்பொங் என்ற வியாபாரி காய்கறிக் கூடைக்கு அடியில் மருந்தும் பணமும் ரேடியோ பேட்டரியும் அனுப்பினார். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். அதே காஞ்சனபுரியில் 1943-ல் ஒளித்து வைத்த ரேடியோ பிடிபட்டு இரண்டு அதிகாரிகளை அடித்தே கொன்றார்கள்.

தப்பி ஓடலாமே என்று கேட்பீர்கள். எஃப் ஃபோர்ஸிலிருந்தே ஒரு சிறு குழு 1943-ல் காட்டுக்குள் இறங்கியது. பாதிப்பேர் வழியிலேயே செத்தார்கள், மிஞ்சியவர்களைக் கிராமத்தார் ஒப்படைத்துவிட்டார்கள்.

1943 அக்டோபர் 17-ல் கொன்குய்தா அருகே, சயாம் பக்கத்திலிருந்தும் பர்மா பக்கத்திலிருந்தும் போட்டுவந்த தண்டவாளங்கள் சந்தித்தன. அதுவரையிலும் அதன் பின்னும் சேர்த்துச் செத்த போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். ஐந்து பேரில் ஒருவர்.

இப்போது நம் ஆட்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோன கூலிகளில் பெரும்பான்மை ரப்பர் தோட்டத் தமிழர்கள். நல்ல சம்பளம், மூன்று மாத வேலை என்று சொல்லி முதலில், பிறகு லயத்திலும் சாலையிலும் பிடித்து லாரியில் ஏற்றி. சில இடங்களில் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள். ஆசியக் கூலிகள் எல்லாரையும் சேர்த்துச் செத்தவர்கள் சுமார் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சரியான எண் யாரிடமும் இல்லை, ஏனென்றால் எழுதிவைக்க ஆள் இல்லை. பத்திருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த வெள்ளைக்கார முகாமில் இருந்த அதே நோய்தான் இங்கேயும். ஆனால் இங்கே மருத்துவர் இல்லை, பட்டாள ஒழுங்கு இல்லை, "தண்ணீரைக் கொதிக்க வை" என்று அதட்டும் ஹவில்தார் இல்லை. கங்காணிதான் இருந்தான், அவனுக்கு அந்த வேலை தெரியாது. தோட்டத்துத் தமிழன் உழைப்புக்கும் பொறுமைக்கும் அஞ்சியவன் இல்லை. மனவலிமைக் கதையை நான் நம்ப மறுப்பதற்கு முதல் காரணமே இந்த முகாம்கள்தான். 1943 நடுவில் ஜப்பானியரே பயந்து, சாங்கியிலிருந்து போர்க்கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் சில நூறு பேர் 'கே ஃபோர்ஸ்', 'எல் ஃபோர்ஸ்' என்று கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பல இடங்களில் நேரம் கடந்துவிட்டிருந்தது.

வைல்டு பிழைத்தார். போருக்குப் பின் போர்க்குற்ற விசாரணைகளில் சாட்சி திரட்டினார், தோக்கியோ நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார், 1946-ல் ஹாங்காங்கில் விமான விபத்தில் இறந்தார். ஊர் திரும்பிய மற்றவர்கள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து லிவர்பூல் வெப்பமண்டல நோய் மருத்துவர்கள் அவர்களைப் பரிசோதித்தபோது, வெறுங்காலின் வழியே அன்றைக்குப் புகுந்த நுண்ணிய குடற்புழு சிலர் உடம்பில் இன்னும் உயிரோடு இருந்தது.

1945-ல் கல்லறைகளைத் தேடி ஒரு சிறு குழு பாதை நெடுகப் போனது. காடு மூடிக்கிடந்தும் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். புதைத்தவர்கள் ஒவ்வொரு முகாமிலும் யார் எங்கே என்று எழுதி ரகசியமாகக் காப்பாற்றியிருந்ததால் அது முடிந்தது. இன்று காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்கு எதிரே அவர்களில் 7,000 பேர் அளவில் பெயர்ப்பலகையோடு வரிசையாகக் கிடக்கிறார்கள், புல் ஒரே சீராக வெட்டியிருக்கும். அதே ஊரில் 1990-ல் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தன. கூலிகளுடையவை என்றார்கள், பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை. காஞ்சனபுரிக்குப் போனால் அந்தப் பெரிய கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்ச தூரத்தில் வாட் தவோன் வராராம் என்ற புத்தர் கோவிலுக்கும் போங்கள். கூலிகளின் எலும்புகள் அங்கே ஒரு தூபிக்கு அடியில் இருக்கின்றன. அந்தக் கோவிலில் இப்போது அவர்களுக்காக ஒரு நடுகல்லும் நிற்கிறது.